கீழ்வகுப்பு ஆசிரியரும் மேற்பட்டமும்

(சங்கத்தின் வாணி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், முதலாந் தரம் முதல் ஐந்தாந் தரம் வரையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர், அவ்வகுப்புக்களிற் கற்பிக்கும் கலையிலேயே முதுமாணிப் பட்டம் வரை படிக்கவேண்டுமா என்பதாகும். வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கு நான் கூறும் காரணங்களைக் கேட்டு, தக்கன எனக் கண்டவற்றைக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

நம்மவரிடையே ஒரு கேள்வி உலவுகிறது. "அரிவரி சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்கு எம்.ஏ. ஏன்?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இளைஞர்களும், "மேற்பட்டம் பெற்றவன் சின்ன வகுப்பில் ஏன் இருக்கவேண்டும்?" என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை. சிறு பிள்ளைக்குச் சிறு அறிவு போதும் என்பதே அவ்வெண்ணம்.

ஆனால் நம் சமயாசாரம் அவ்வாறு கருதியதில்லை. விசயதசமி நாளில் நம் பிள்ளைக்கு ஏடு தொடக்கும்போது யாரைத் தேடிப் போகிறோம்? ஊரிலே கல்வியாலும் ஒழுக்கத்தாலும் சிறந்தவர் யாரோ, அவரிடமே போகிறோம். அவர் பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சரிசியிலே முதலெழுத்தை எழுதுவிக்கிறார். முதலெழுத்தை மிக உயர்ந்தவரே தொடங்கிவைக்கவேண்டும் என்பது அவ்வழக்கத்தின் உட்பொருள். அந்தப் பிள்ளையே தைமாதத்தில் முதலாந் தரத்திற் சேர்ந்தவுடன், அங்கே யார் இருந்தாலும் போதும் என்று விட்டுவிடுகிறோம். ஒருநாட் சடங்குக்கு மேலானவரைத் தேடி, ஐந்தாண்டுக் கல்விக்கு எவரும் போதும் என்பது எவ்வாறு பொருந்தும்?

கீழ்வகுப்பிற் கற்பிப்பது எளிது என்பாருக்கு ஓர் உதாரணம் கூறுகிறேன். ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழிக்கவேண்டும். இரண்டிலிருந்து ஏழு போகாது. ஆகவே பக்கத்திலே கடன் வாங்கு என்கிறோம். "வாங்கிய கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது?" என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? உண்மையில் அங்கே கடனும் இல்லை, கொடுத்தவரும் இல்லை. ஐந்து பத்துக்களும் இரண்டு ஒன்றுகளுமாக இருந்த எண்ணை, நான்கு பத்துக்களும் பன்னிரண்டு ஒன்றுகளுமாகப் பிரித்து வைத்திருக்கிறோம், அவ்வளவே. இதனை ஈர்க்குக் கட்டுக்களைக் கொண்டு பிள்ளை தன் கையாலே பிரித்துக் காணும்படி செய்பவர் கணிதத்தின் அத்திவாரத்தை இடுகிறார். கடன் வாங்கு என்று மட்டும் சொல்பவர், மேல்வகுப்பு ஆசிரியர் தலையிலே ஒரு பாரத்தை ஏற்றுகிறார்.

மொழியும் அவ்வாறே. பிள்ளை வீட்டிலே "ரெண்டு" என்கிறது. புத்தகத்திலே "இரண்டு" என்று இருக்கிறது. வீட்டிலே "அவை வந்தவை" என்கிறது. புத்தகத்திலே "அவர்கள் வந்தார்கள்" என்று இருக்கிறது. மலைநாட்டுப் பிள்ளையின் வீட்டுப் பேச்சு வேறு, மட்டக்களப்புப் பிள்ளையின் பேச்சு வேறு. பிள்ளையின் பேச்சைப் பிழை என்று அடக்கிவிடாமல், அதையே படியாகக் கொண்டு எழுத்து மொழிக்கு ஏற்றிவிடவேண்டும். ஒரு பிள்ளை வாசிக்கத் தடுமாறினால், கண்ணிற் குறையா, காதிற் குறையா, எழுத்து மயக்கமா, வீட்டிலே பசியா என்று பிரித்தறியவும் வேண்டும். மருத்துவர் நோயை நிதானிப்பதுபோன்ற இவ்வறிவு, ஆண்டுகள் செல்லச் செல்லத் தானாக வந்துவிடுவதில்லை.

நிற்க. இத்தகைய அறிவைத் தேடுவது நமக்குப் புதிதன்று. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். பள்ளிக்கூடத்தை மட்டும் கட்டி அவர்கள் நின்றுவிடவில்லை. பிள்ளைகளின் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்பப் படிப்படியாக அமைந்த பாலபாடங்களை எளிய வசன நடையிலே எழுதித் தாமே அச்சிட்டார்கள். பெரும் புலவராகிய ஒருவர், சிறு பிள்ளைக்கு எந்தச் சொல் முன் வரவேண்டும், எது பின் வரவேண்டும் என்று இருந்து சிந்தித்தார். தரத்துக்கேற்ற கல்வி என்று இன்று சொல்வதை அவர் அன்றே செய்தார்.

1923 இல் தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கம், ஊர்தோறும் பாடசாலைகளை நிறுவியதோடு திருநெல்வேலியிலே சைவாசிரிய கலாசாலையையும் நடத்தியது. கட்டிடம் எழுந்தாற் போதாது, பயின்ற ஆசிரியரும் வேண்டும் என்பதை அப்பெரியோர் உணர்ந்திருந்தனர். 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. முகாமை நம் கையை விட்டுப் போயிற்று. பிள்ளைகள் நம் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள். ஆசிரியர் எத்தகையவர் என்று கவலைப்படும் கடமையும் நம்முடையதே.

இளைஞர்கள் சுவாமி விபுலானந்தரின் வாழ்க்கையைக் கவனிக்கவேண்டும். 1892 இல் காரைதீவிலே பிறந்த மயில்வாகனனார், கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். பயிற்சி முடிந்தது, உத்தியோகம் கிடைத்தது, இனிப் போதும் என்று அவர் இருக்கவில்லை. தொழில் பார்த்துக்கொண்டே படித்து மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலே சித்தியெய்தினார். இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1943 இல் இலங்கைச் சர்வகலாசாலையின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். அத்தகையவர் கிழக்கு மாகாணத்துக் கிராமப் பள்ளிக்கூடங்களின் நலனிலும் அல்லும் பகலும் கருத்தாயிருந்தார். உயர்ந்த கல்வி சிறு பள்ளிக்கூடத்தை மறக்கச் செய்யவேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

இனி, இன்றைய படிகளைச் சொல்லுகிறேன். 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய கல்வியியற் கல்லூரிகள் ஆசிரியத் தொழிலின் முதல் வாயில். கோப்பாய், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, மலையகத்திலே பத்தனை ஆகிய இடங்களில் தமிழ்ப் பிள்ளைகள் இக்கல்லூரிகளிற் பயிலலாம். பயிற்சி மூன்றாண்டு, இரண்டாண்டு விடுதியில் இருந்து கற்றல், ஓராண்டு பாடசாலையிற் கட்டுறுப் பயிற்சி. அதற்கு மேலே கல்விமாணிப் பட்டம். பிற பட்டம் பெற்றவர்க்குக் கல்வியியற் பட்டப்பின் டிப்ளோமா. அதற்கும் மேலே முதுமாணி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடம், 1980 இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் என்பன இத்துறையில் முதுமாணிக் கல்வியை வழங்கி வந்திருக்கின்றன. திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்திலே முன்பிள்ளைப் பருவக் கல்விக்கும் ஆரம்பக் கல்விக்கும் என ஒரு தனித் துறையே உண்டு. சேரும் தகுதியும் கட்டணமும் காலத்துக்குக் காலம் மாறுவன. ஆதலின் பிறர் வாய்ச்சொல்லை நம்பாது, விண்ணப்பம் கோரும் அறிவித்தலை நேரே பார்த்துக்கொள்ளுங்கள்.

உழைப்பு எவ்வளவு என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 2012 இல் வெளிவந்த இலங்கைத் தகைமைச் சட்டகம், கிறெடிற் எனப்படும் ஒரு மதிப்பலகுக்கு 50 மணி நேர உழைப்பைக் கணக்கிடுகிறது. பாடநெறி மாத்திரம் உள்ள முதுமாணி 9 ஆம் நிலையைச் சேர்ந்தது. அதற்கு 30 அலகுகள். ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10 ஆம் நிலையைச் சேர்ந்தது. அதற்கு 60 அலகுகள். அவற்றுள் குறைந்தது 15 ஆய்வுக்குரியவை. முப்பது அலகுகளுக்கு 1,500 மணி நேரம். ஓராண்டிலே முடிப்பதாயின் ஞாயிறு, பெருநாள் என்று பாராமல் நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்குமேல் வேண்டும். அந்த நேரம் எங்கிருந்து வரும்?

இக்கேள்வியை நான் பெரியோர்களையும் தாய்மார்களையும் நோக்கியே கேட்கிறேன். நம் நாட்டின் கீழ்வகுப்பு ஆசிரியருட் பெரும்பாலோர் பெண்கள். காலையிலே சமைத்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, தாமும் பஸ் ஏறிப் பாடசாலைக்குப் போய், மாலையிலே வந்து மீண்டும் அடுப்படிக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு அந்த நாலு மணி நேரத்தை வீட்டிலுள்ளவர்கள் கொடுத்தாலன்றி வேறு யாரும் கொடுக்க முடியாது. கணவன் ஒரு வேலையை ஏற்கவேண்டும். மாமியார் ஒரு வேலையை ஏற்கவேண்டும். "பிள்ளை, நீ இருந்து படி" என்று ஒரு வார்த்தை சொல்லும் வீட்டிலிருந்தே ஒரு முதுமாணி வெளிவருவார். அங்ஙனம் சொல்லாத வீடுகளால் எத்தனை நல்ல ஆசிரியர்களின் படிப்புப் பாதியிலே நின்றுபோகிறது!

பட்டம் பெற்றால் மாத்திரம் போதுமா என்றும் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பின்லாந்து தேசத்திலே 1979 ஆம் ஆண்டு முதல், முதலாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியருக்கும் முதுமாணிப் பட்டம் வேண்டும் என்று விதித்தார்கள். அங்கே சின்ன வகுப்பு ஆசிரியரும் ஆய்வுக் கட்டுரை எழுதியே பட்டம் பெறுகிறார். இது ஒரு பக்கம். மறு பக்கத்தையும் பார்ப்போம். லிப்பிங் மா என்னும் அம்மையார் 1999 இல் வெளியிட்ட நூலிலே, 23 அமெரிக்க ஆசிரியர்களையும் 72 சீன ஆசிரியர்களையும் ஒப்பிட்டுக் காட்டினார். அமெரிக்கர்கள் பட்டதாரிகள், அவருட் சிலர் முதுமாணிப் படிப்பிலும் இருந்தவர்கள். சீனர்களோ ஒன்பதாண்டு பாடசாலையிற் படித்து, பின் இரண்டு மூன்றாண்டு ஆசிரிய கலாசாலையிற் பயின்றவர்கள். ஒன்றே முக்காலை அரையாற் பிரிக்கச் சொன்னபோது, முயன்ற 21 அமெரிக்கருள் 9 பேரே சரியான விடை கண்டனர். சீனர் 72 பேரும் கண்டனர். அக்கணக்குக்குப் பொருத்தமான ஒரு கதை சொல்லச் சொன்னபோது வேற்றுமை இன்னும் பெரிதாயிற்று.

நம் வீட்டிலே அக்கதை இருக்கிறது. ஒன்றே முக்காற் கொத்து அரிசியை அரைக்கொத்து அளவையால் அளந்தால் எத்தனை தரம் அளக்கலாம்? மூன்றரைத் தரம். அடுப்படியிலே அம்மா தினமும் செய்யும் கணக்கு அது. அதைக் கரும்பலகையோடு இணைக்க ஆசிரியருக்குத் தெரியவேண்டும்.

இந்த ஆராய்ச்சியைக் காட்டி, "பார்த்தீர்களா, பட்டம் வேண்டாம்" என்று சிலர் கூறலாம். அச்சீன ஆசிரியர்கள் படிக்காமல் இருந்தவர்களல்லர். அவர்கள் தாம் கற்பிக்கும் பாடத்தையே ஆண்டாண்டாகத் துருவி ஆராய்ந்தார்கள். உடன் ஆசிரியர்களோடு கூடியிருந்து விவாதித்தார்கள். ஆகவே நாம் பெறவேண்டிய பாடம் இது: எதைப் படிக்கிறோம் என்பது பட்டத்தின் பெயரைக் காட்டிலும் முக்கியம். கீழ்வகுப்பு ஆசிரியர் வேறெங்கோ உள்ள ஒரு பொருளிலே முதுமாணியாகாமல், தம் வகுப்பின் கணிதம், தம் வகுப்பின் மொழி, தம் வகுப்புப் பிள்ளையின் மனம் ஆகியவற்றிலே முதுமாணியாகட்டும்.

அதற்கு வழி ஆய்வுதான். ஆசிரியர் தம் வகுப்பறையையே ஆராயும் முறையைச் செயல்நிலை ஆய்வு என்பர். அமெரிக்காவில் ஸ்ரீபன் கோறி 1953 இலும், இங்கிலாந்தில் லோறன்ஸ் ஸ்ரென்ஹவுஸ் 1975 இலும் எழுதிய நூல்களிலே, ஆசிரியரே ஆய்வாளராக வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். முறை கடினமானதன்று. மூன்றாந் தரத்தில் முப்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் வாசிக்கமாட்டார்கள். அந்த எட்டுப் பேரும் எங்கே தடக்குகிறார்கள் என்று முதலில் எழுதிவைக்கவேண்டும். பின் ஒரு வழியைக் கையாளவேண்டும். ஒரு தவணை கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். எதனாற் பயன் விளைந்தது, எதனால் விளையவில்லை என்று ஒளியாமல் எழுதவேண்டும். 1998, 1999 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலே ஆரம்பப் பிரிவை மூன்று நிலைகளாக வகுத்து, இரண்டாம் நிலையில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றுக்கும் ஒத்த இடம் கொடுத்தார்கள். அவ்வொழுங்கு நம் ஊர் வகுப்பறையில் எவ்வளவு நடைபெற்றது, புலமைப்பரிசிற் பரீட்சையின் அச்சத்தால் எவ்வளவு நசுங்கிப்போயிற்று என்பதே ஒரு நல்ல ஆய்வுப் பொருளாகும்.

இவ்விடத்திலே இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காசு கொடுத்துப் பிறரைக் கொண்டு ஆய்வுக் கட்டுரை எழுதுவிப்போர் இருக்கிறார்கள். இன்று இயந்திரத்தைக் கேட்டாலும் எழுதித் தருகிறது. அவ்வாறு பெற்ற பட்டம் சம்பளப் படிவத்திலே நிற்கும், வகுப்பறைக்குள் வராது. பிள்ளைக்குக் களவு செய்யாதே என்று சொல்லவேண்டியவர் களவாற் பெற்ற பட்டத்தோடு அவ்வகுப்பில் நிற்பது எவ்வளவு இழிவு!

பவணந்தி முனிவர் நன்னூலிலே ஆசிரியர் ஆகாதாருக்கு உவமைகள் கூறுகிறார். அவற்றுள் இரண்டை இங்கே நினைக்கவேண்டும். ஒன்று பருத்திக் குண்டிகை. பஞ்சை அடைப்பதும் அருமை, அதிலிருந்து எடுப்பதும் அருமை. பெரும்பாடுபட்டுப் பட்டம் பெற்று, பிள்ளைக்கு ஒன்றும் எடுத்துக் கொடுக்க இயலாதவர் இவ்வகையினர். மற்றொன்று முடத்தெங்கு. நட்டு நீர் வார்த்து வளர்த்தவன் வளவில் நிற்கும் தென்னை, அயல் வளவுக்குச் சாய்ந்து அங்கே காய் விழுத்துகிறது. கீழ்வகுப்பிலே நின்று, அப்பிள்ளைகளைக் கொண்டே ஆய்வு செய்து, முதுமாணியானவுடன் அவ்வகுப்பைக் கைவிட்டு அலுவலகக் கதிரைக்குப் போய்விடுகிறவரை நான் வேறெதற்கு ஒப்பிடுவேன்?

அவரை மாத்திரம் குறைகூறுவதும் நீதியன்று. அதிபராகவோ, ஆசிரிய ஆலோசகராகவோ, கல்வி அதிகாரியாகவோ போனாற்றான் மதிப்பு என்று வைத்திருப்பவர்கள் நாம். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் உயர்தர வகுப்பு ஆசிரியருக்கு ஓர் ஆசனம், முதலாந் தர ஆசிரியைக்கு வேறோர் ஆசனம். தென்னையைச் சாயச் செய்த காற்று நம் பக்கத்திலிருந்தும் வீசுகிறது. அதிகாரிகளும் வேண்டும், அவர்களுட் கீழ்வகுப்பை அறிந்தவர்கள் இருப்பதும் நல்லதே. ஆனால் எல்லாரும் போய்விட்டால் வகுப்பறையில் யார் மிஞ்சுவார்?

ஆகையால் நம் சங்கம் செய்யத்தக்கன நான்கினைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, சங்க மண்டபத்திலே மாலை நேரத்தில் ஓர் அறையை அமைதியான வாசிப்பிடமாக ஒதுக்குங்கள். ஒரு மேசை, நல்ல விளக்கு, இணைய வசதி இருந்தாற் போதும். வீட்டிலே இடமில்லாத ஆசிரியருக்கு அது பெரிய உபகாரம்.

இரண்டாவது, வட்டியில்லாக் கடனாக ஒரு சிறு கல்வி நிதியைத் தொடங்குங்கள். பட்டம் பெற்றபின் தவணையாகத் திருப்பிக் கொடுத்தால், அதே பணம் அடுத்தவருக்கு உதவும். ஒரேயொரு நிபந்தனை வையுங்கள்: பட்டம் பெற்றபின் சில ஆண்டுகளேனும் கீழ்வகுப்பிற் கற்பிக்கவேண்டும்.

மூன்றாவது, மாதம் ஒருமுறை அயலூர்க் கீழ்வகுப்பு ஆசிரியர்களைக் கூட்டி, ஒரேயொரு பாடத்தை எடுத்து ஆராயச் செய்யுங்கள். கழித்தலை எப்படிக் கற்பிப்பது என்று இரண்டு மணி நேரம் பேசட்டும். முதுமாணி படிப்பவர் தம் ஆய்வை அங்கே சொல்லட்டும். படியாத மூத்த ஆசிரியர் தம் அனுபவத்தாலே அதைத் திருத்தட்டும். சீன ஆசிரியர்களிடம் நாம் கண்ட பலம் இதுவேயாகும்.

நான்காவது, ஒவ்வோராண்டும் வாணி விழாவிலே ஒரு கீழ்வகுப்பு ஆசிரியரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துங்கள். எத்தனை பிள்ளைகள் புலமைப்பரிசிற் சித்தியடைந்தார்கள் என்று அவரைக் கேளாதீர்கள். வாசிக்கமாட்டாமல் வந்த எத்தனை பிள்ளைகள் வாசித்துக்கொண்டு வெளியேறினார்கள் என்று கேளுங்கள்.

இளைஞர்களே, உங்களுள் ஆசிரியத் தொழிலுக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். கீழ்வகுப்புக் கிடைத்தது என்று வருந்தாதீர்கள். அங்கேயே நின்று, அங்குள்ள பிள்ளைகளுக்காகவே மேலே மேலே படியுங்கள். பெரியோர்களே, அவ்வாறு படிக்கிறவர்களை "உனக்கேன் இந்தப் படிப்பு?" என்று கேளாதீர்கள். ஏடு தொடக்குவதற்கு நாம் தேடிப் போகும் அந்தப் பெரியவரை முதலாந் தர வகுப்பிலே தினந்தோறும் காணவேண்டுமானால், அவர் படிப்பதற்கு நாம் வழிவிடவேண்டும்.

கலைமகள் அருள் எல்லார்க்கும் பெருகுவதாக.